கிணற்றுக்குள் கிடந்த கயிறு

கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. இறைப்பதற்கு வாளியும் இருக்கிறது. வாளியில் கட்ட வேண்டிய கயிறு மட்டும் கிணற்றின் அடியில் கிடக்கிறது. இறங்கி எடுக்கலாமென்றால் இறங்குவதற்கும் கயிறு வேண்டும். இந்த நிலையில் அகப்பட்டவன் என்ன செய்வான்?

விடுகதை போலத் தோன்றும் இக்கேள்வி கணினி உலகில் பலரை இரவெல்லாம் விழிக்க வைத்த கேள்வி. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை ஒரு குறுந்தகட்டிலிருந்தே ஓட்டி, கம்பியில்லா இணையத்தைப் பிடிக்க முயன்றவர்களுள் பலர் இதைச் சந்தித்திருப்பார்கள். இணையம் கிடைக்க வேண்டுமானால் ஒரு சிறு கோப்பு வேண்டும். அந்தக் கோப்போ இணையத்தில்தான் கிடைக்கும்!

இது கணினித் துறை மாணவர்க்கு மட்டும் உரிய செய்தி என்று பிற துறை நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. நானே கணிதத் துறை மாணவன்தான். என் வீட்டில் ஒருவருடைய படிப்பு இந்தக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் கற்றேன், கற்றதை இங்கே எழுதுகிறேன்.

பீரோவில் உறங்கிய மடிக்கணினி

2011 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள், பேரறிஞர் அண்ணாவின் பிறந்த நாளன்று, தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அதற்குமுன் கணினியைப் பள்ளிக்கூடத்து அறையில் எட்ட நின்று பார்த்த பிள்ளைகளின் கைக்கு அது வந்து சேர்ந்தது. பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில், மரவள்ளியும் மஞ்சளும் கரும்பும் விளையும் சிற்றூர்களில், ஓட்டு வீடுகளுக்குள்ளும் மடிக்கணினி புகுந்தது. அவற்றில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்த்தே பதியப்பட்டு வந்தது. டெபியன் என்னும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007 இல் வெளியிட்டது அது. பெரும்பாலான வீடுகளில் யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை என்பதும் உண்மை.

என் அக்காவுக்கு அந்தக் கணினி 2013 இல் பன்னிரண்டாம் வகுப்பில் கிடைத்தது. கல்லூரியில் இரண்டாண்டுகள் அதை வைத்துப் படித்தாள். பிறகு திருமணம், படிப்பு நின்றது. கணினி எங்கள் வீட்டு பீரோவில், பட்டுப்புடவைக்குப் பக்கத்தில், துணி சுற்றி வைக்கப்பட்டது. 2021 இல் மாமா காலமானார். ஐந்து வயது மகளோடு அக்கா எங்கள் வீட்டிற்கே திரும்பி வந்தாள். ஓராண்டு அவள் அதிகம் பேசவில்லை. ஒருநாள் மாலை, “நிறுத்தின படிப்பை அஞ்சல் வழியில முடிக்கலாமான்னு பாக்கறேன் தம்பி” என்றாள். எங்கள் வீட்டில் அன்றைக்குத்தான் மீண்டும் விளக்கு ஏற்றியதுபோல் இருந்தது.

நான் இக்கல்லூரியில் சேர்ந்த 2022 ஆம் ஆண்டின் இறுதி அது. அஞ்சல் வழிக் கல்வி என்ற பெயர்தான் பழையது; பாடங்கள், பயிற்சிக் கட்டுரைகள், விண்ணப்பம், கட்டணம் யாவும் இப்போது இணையத்தின் வழியேதான். பீரோவிலிருந்து கணினியை எடுத்து விசையை அழுத்தினோம். திரையில் வெளிச்சம் வந்தது. உள்ளிருந்து ‘டக், டக்’ என்று ஓர் ஓசை. பிறகு, துவங்குவதற்குரிய வட்டு இல்லை என்ற ஒரு வரி. பத்தாண்டுக்கு நெருங்கிய வயதில் ஹார்டு டிஸ்க் ஓய்வு கேட்டுவிட்டது. அதில் யார் குற்றமும் இல்லை.

சேலத்தில் விசாரித்தோம். புதிய வட்டும் கூலியும் சேர்த்து மூவாயிரம் ஆகும் என்றார்கள். அப்பா சிறிய லாரி ஓட்டுபவர். விடியற்காலை நான்கு மணிக்குக் கிழங்கு ஏற்றிக்கொண்டு, மஞ்சவாடி கணவாய் ஏறிச் சேலத்துப் பக்கம் உள்ள சேகோ ஆலைகளுக்குச் செல்வார். கிழங்கு விலை இறங்கியிருந்த காலம். “தை பொறக்கட்டும், பாக்கலாம்” என்றார். அக்காவின் முதற் பயிற்சிக் கட்டுரைக்கோ கெடு மூன்று வாரந்தான் இருந்தது.

வட்டின்றி ஓடும் வித்தை

கணினித் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே, “மூளை நன்றாகத்தான் இருக்கிறது தம்பி, அலமாரிதான் உடைந்துவிட்டது. அலமாரி இல்லாமல் குடித்தனம் நடத்த முடியாதா என்ன?” என்றவர், லினக்ஸ் பதிந்த ஒரு தகட்டையும், கம்பி வழியே வெளியிலிருந்து இணைக்கும் தகடு ஓட்டியையும் எடுத்துக் கொடுத்தார். அவர் சொல்லித்தான் ‘லைவ் சி.டி.’ என்னும் சொல்லை முதன்முதலில் கேட்டேன்.

பொதுவாக ஓர் இயங்குதளத்தை வன்வட்டில் பதித்து, அதிலிருந்து கணினியைத் தொடங்குகிறோம். லைவ் சி.டி.யில் அந்தப் பதிக்கும் வேலையே இல்லை. கணினி நேரே தகட்டிலிருந்து கண்விழிக்கிறது. வேண்டியவற்றை ரேம் எனப்படும் தற்காலிக நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் நாப்பர் என்பவர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட நாப்பிக்ஸ் இம்முறையை உலகெங்கும் பரப்பியது. 700 எம்.பி. மட்டுமே கொள்ளும் ஒரு தகட்டில், ஏறக்குறைய 2 ஜி.பி. அளவுள்ள மென்பொருளைச் சுருக்கி அடைத்திருந்தார் அவர். ஓடும்போது தேவையான பகுதி மட்டும் விரிந்துகொள்ளும். ஊருக்குப் போகும் அம்மா ஒரே பையில் ஒரு வாரத் துணியை மடித்து அடுக்குவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு நன்மையும் ஒரு குறையும் ஒன்றாகவே பிறந்தவை. தகட்டில் எழுதியது எழுதியதுதான். அதை எந்த நச்சுநிரலாலும் கெடுக்க முடியாது. அதுபோலவே, நாம் செய்யும் எந்த மாற்றமும் அதில் தங்காது. கணினியை அணைத்த மறுநொடி, தட்டச்சு செய்த கடிதம், கொடுத்த கடவுச்சொல் எல்லாம் மறைந்துபோகும். ஒவ்வொரு காலையும் அதற்குப் பிறந்த நாள்.

அன்று மாலை தகட்டைப் போட்டு விசையை அழுத்தினேன். இரண்டு மூன்று நிமிடத்தில் நீலத் திரையும் சின்னங்களும் வந்து நின்றன. வட்டு இறந்த கணினி எழுந்து உட்கார்ந்ததைக் கண்டு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை; நாற்காலியை மட்டும் சற்று நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

காற்றில் உண்டு, கையில் இல்லை

பக்கத்து வீடு சித்தப்பாவின் வீடு. கேபிள்காரர் மூலம் கண்ணாடியிழை இணைப்பு வாங்கியிருந்தார்கள். “புள்ள படிக்கத்தானே, தாராளமா எடுத்துக்கோங்க” என்று சித்தி கடவுச்சொல்லை ஒரு காலண்டர் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். அலை எங்கள் கூடம் வரை வரும். அப்பாவின் கைப்பேசியில் அது நன்றாகவே தெரியும். ஆனால் அந்தக் கைப்பேசி, வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட் கைப்பேசி, விடியலில் அப்பாவோடு லாரியேறிப் போய்விடும். இரவு ஒன்பது மணிக்குத்தான் திரும்பும்.

வைஃபை என்பது என்ன? வானொலி அலையே. 1895 இல் கல்கத்தாவில் நம் நாட்டு அறிஞர் ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலையைச் சுவர் தாண்டி அனுப்பி, அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். இன்று சித்தப்பா வீட்டுச் சுவர் தாண்டி எங்கள் கூடத்துக்கு வருவதும் அந்தக் குடும்பத்து அலைதான். அதன் அதிர்வெண் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண் கூட இல்லை. கம்பியில்லாக் கருவி வைத்திருப்பதற்கு உரிமம் வேண்டும் என்று விதித்தது 1933 ஆம் ஆண்டுச் சட்டம். குறைந்த ஆற்றலில் இயங்கும் கருவிகளுக்கு இந்த 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் உரிமம் தேவையில்லை என்று 2005 ஜனவரியில் இந்திய அரசு விதி வகுத்தது. அவ்விதியின்படி நாம் யாரையும் கேளாமல் வீட்டில் வைஃபை பெட்டி வைத்துக்கொள்ள முடிந்தது. காற்றின் ஒரு துண்டு, ஊர்ப் பொதுக்கிணறு போல எல்லார்க்கும் உரியதாயிற்று.

ஆனால் எங்கள் கணினித் திரையில் வைஃபை என்ற சின்னமே வரவில்லை. சித்தப்பா வீட்டு இணைப்பு மட்டுமன்று, எந்த இணைப்பின் பெயரும் தெரியவில்லை.

பேராசிரியர் எனக்கு மூன்று கேள்விகளைச் சொல்லி அனுப்பியிருந்தார். வைத்தியர் நாடி பிடிப்பது போன்ற கேள்விகள் அவை. முதற் கேள்வி: வைஃபை விசை அணைந்திருக்கிறதா? ‘ஆர்எப்கில்’ என்ற கட்டளை அதைச் சொல்லும். எங்கள் கணினியில் தடை ஒன்றும் இல்லை. இரண்டாம் கேள்வி: வைஃபைச் சில்லு உயிரோடு இருக்கிறதா? ‘எல்எஸ்பிசிஐ’ என்று தட்டினால் கணினிக்குள் பொருத்தப்பட்ட உறுப்புகளின் பட்டியல் வரும். அதில் சில்லின் பெயர் இருந்தது, உயிரோடுதான் இருக்கிறது. மூன்றாம் கேள்வி: கணினி கண்விழித்தபோது என்ன முணுமுணுத்தது? ‘டிமெசேஜ்’ என்னும் கட்டளை, தொடங்கிய நொடி முதல் நடந்தவற்றை வரிவரியாகக் காட்டும். அந்த நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஒரு வரி இருந்தது: இன்ன பெயருடைய ‘பர்ம்வேர்’ கோப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை.

அந்தக் கோப்புதான் கயிறு.

கயிறு ஏன் கிணற்றில் கிடக்கிறது?

வைஃபைச் சில்லும் ஒரு குட்டிக் கணினிதான். அதற்கும் சொந்தமாக ஒரு நிரல் வேண்டும். அதற்குப் பெயர் பர்ம்வேர். அந்த நிரலை நிரந்தரமாகச் சில்லுக்குள்ளேயே எழுதி வைத்தால் செலவு கூடும், திருத்துவதும் கடினம். ஆகவே பல சில்லுகள் வெறும் மண்டையோடுதான் வீட்டுக்கு வருகின்றன. மின்சாரம் பாயும்போதெல்லாம் இயங்குதளம் அந்த நிரலை எடுத்து ஊட்டிவிட வேண்டும். மின்சாரம் போனால் ஊட்டியதும் போய்விடும். லைவ் சி.டி.யைப் போலச் சில்லும் மறதிக்காரன்!

அப்படியானால் தகட்டிலேயே அந்தக் கோப்பைச் சேர்த்துக் கொடுத்தால் என்ன? இங்கேதான் உரிமை பற்றிய வழக்கு வருகிறது.

1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் பணிபுரிந்தார். ஆய்வகத்துக்கு வந்த புதிய அச்சுப்பொறியில் அடிக்கடி தாள் சிக்கிக்கொண்டது. அதன் மென்பொருளைத் திருத்தி, தாள் சிக்கினால் எல்லார்க்கும் தகவல் போகும்படி செய்ய விரும்பினார். அதன் மூல நிரலை வைத்திருந்தவர், தர மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருப்பதாகக் கூறி மறுத்துவிட்டார். அறிவைப் பூட்டி வைப்பது தகாது என்னும் எண்ணம் ஸ்டால்மனிடம் வலுப்பெற்றது. 1983 இல் அவர் ‘குனு’ திட்டத்தை அறிவித்தார். யாரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்குக் கொடுக்கலாம் என்பது அதன் கொள்கை. 1991 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் லினக்ஸின் கருவை எழுதி வெளியிட்டார். மாணவர் என்பதை நண்பர்கள் மனத்தில் கொள்க.

ஆனால் பல வைஃபைச் சில்லுகளின் பர்ம்வேர் இந்தக் கொள்கைக்கு உட்பட்டதன்று. அதன் மூல நிரலைத் தயாரிப்பாளர்கள் காட்டுவதில்லை. சிலர் கோப்பை மட்டும் பகிர்ந்துகொள்ள அனுமதி தந்தார்கள்; சிலர் அதையும் தரவில்லை. லினக்ஸ் தொண்டர்கள் சும்மா இருக்கவில்லை. பிராட்காம் நிறுவனத்தின் சில்லுகளுக்கு ஒரு குழு, சில்லு எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஆராய்ந்து விளக்கக் குறிப்பு எழுதியது. வேறொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் பார்த்துப் புதிதாக நிரல் எழுதியது. யாருடைய நிரலையும் திருடவில்லை என்று காட்டுவதற்கே இந்த இரு குழு ஏற்பாடு. அந்த நிரல் 2006 இல் லினக்ஸ் கருவில் இடம்பெற்றது. 2010 செப்டம்பரில் அந்நிறுவனமே முன்வந்து தன் சில சில்லுகளுக்கான திறந்த நிரலை வெளியிட்டது. கதவைத் தட்டினால் சிலவேளை உள்ளிருந்தே திறக்கிறார்கள்.

டெபியன் குழுவினர்க்குள் இதுபற்றி நெடுங்காலம் வாதம் நடந்தது. மூல நிரல் இல்லாத எதையும் எங்கள் அதிகாரபூர்வத் தகட்டில் வையோம் என்பது ஒரு கட்சி. கொள்கை தூய்மையாக இருந்து, ஏழை மாணவனின் கணினி இணையத்தைத் தொடாமல் போனால் அக்கொள்கையால் யாருக்குப் பயன் என்பது மற்றொரு கட்சி. 2022 இல் வாக்கெடுத்தார்கள். தேவையான பர்ம்வேரைத் தகட்டில் சேர்க்கலாம் என்று முடிவாயிற்று. 2023 ஜூன் 10 ஆம் நாள் வெளியான டெபியன் 12 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

இரு கட்சியும் எனக்கு நியாயமாகவே படுகின்றன. பூட்டிய நிரலை வேண்டாவென்று சொல்பவர்கள் இல்லையென்றால் திறந்த நிரல் ஒன்று பிறந்தே இராது. ஆனால் பட்டினியாக வந்தவனுக்கு முதலில் சோறு போட்டுவிட்டு, பிறகு நெல் யார் விளைவித்தது என்று பேசுவதே எங்கள் பக்கத்து வழக்கம்.

ஒரு கைப்பேசியும் ஓர் இரவும்

இதெல்லாம் பின்னால் படித்தறிந்தவை. அந்த மாலையில் எங்களிடம் இருந்தவை, பெயர் தெரிந்த ஒரு கோப்பு, அது இல்லாத ஒரு தகடு, ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் ஒரு கைப்பேசி, இவ்வளவே.

கைப்பேசியே இணையமாக ஆக முடியும் என்பதுதான் வழி. கைப்பேசியை மின்னேற்றும் கம்பியால் கணினியோடு இணைத்து, அதன் அமைப்பில் ‘யு.எஸ்.பி. டெதரிங்’ என்பதைத் தொட்டால் போதும். லினக்ஸ் அதைக் கம்பி வழி வந்த இணைப்பாகவே ஏற்றுக்கொள்கிறது. இதற்கு வைஃபைச் சில்லின் தயவு தேவையில்லை. கிணற்றுக்குள் கிடக்கும் கயிற்றை எடுக்க, பக்கத்து வீட்டுக் கயிற்றை ஒரு நாழிகை இரவல் வாங்குவது போன்றது இது.

அப்பா வந்தார். சாப்பிட்டார். “நாளைக்கு நாலு மணிக்கு வண்டி எடுக்கணும், சார்ஜ் இருக்கணும்டா” என்று சொல்லிக் கைப்பேசியைக் கொடுத்துவிட்டுப் படுத்தார். கம்பியை மாட்டியதும் திரையின் மூலையில் இணைப்புச் சின்னம் வந்தது. மென்பொருள் பட்டியலில், மூல நிரல் திறவாத பகுதியையும் சேர்க்குமாறு ஒரு சொல்லைக் கூட்டினேன், பட்டியலைப் புதுப்பித்தேன், வேண்டிய பர்ம்வேர்ப் பொதியை வரவழைத்தேன். சில எம்.பி.தான். ஆனால் சேர்வராயன் மலையடிவாரத்தில் இரவு பத்து மணிக்கு அது சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. மின்விசிறியின் ஓசையும் வெளியே தவளைகளின் ஓசையும் தவிர வேறில்லை. அக்கா திரையில் ஏறும் சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் அவள் மடியில் உறங்கிவிட்டது.

இறங்கியதும் வைஃபை நிரலை ஒருமுறை கழற்றி மறுபடி மாட்டச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். நான்கு நொடி கழிந்திருக்கும். திரையில் ஒரு பட்டியல் விரிந்தது. அதில் முதலாவதாகச் சித்தப்பாவின் பெயரில் இருந்த இணைப்பு!

காலண்டர் தாளிலிருந்து கடவுச்சொல்லைத் தட்டினோம். இந்த இடத்தில் நடக்கும் உரையாடல் சுவையானது. கணினி தன் கடவுச்சொல்லை வெளிப்படையாகச் சொல்வதே இல்லை. வைஃபை பெட்டி ஓர் எண்ணை அனுப்புகிறது. கணினி தன் எண் ஒன்றைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டையும் கடவுச்சொல்லோடு கலந்து கணக்கிட்டு, ஒரே விடை வருகிறதா என்று இருவரும் சரிபார்த்துக்கொள்கிறார்கள். நான்கு செய்தியில் இது முடிகிறது. இரகசியத்தைச் சொல்லாமலேயே இரகசியம் தெரியும் என்று நிறுவுகிற இந்த முறை கணித மாணவனாகிய என்னை வெகுவாகக் கவர்ந்தது. அதன்பின் கணினி, எனக்கொரு முகவரி தாருங்கள் என்று கேட்கிறது. பெட்டி ஒரு எண் முகவரியைத் தருகிறது. லினக்ஸில் இந்த வாசல் வேலையைச் செய்யும் நிரலின் பெயர் ‘சப்ளிகண்ட்’. விண்ணப்பித்து நிற்பவன் என்பது அதன் பொருள். அந்த இரவில் எங்களுக்குப் பொருத்தமான பெயர்தான்.

கைப்பேசிக் கம்பியைக் கழற்றினேன். இணைப்பு அறுபடவில்லை. அக்கா தன் கல்வி நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து, முதல் பாடத்தைச் சத்தமில்லாமல் படிக்கத் தொடங்கினாள். மணி பதினொன்றரை.

மறதி கற்பித்த பாடம்

கதை இங்கே முடிந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். ஆனால் மறதிக்கார இயந்திரம் ஆயிற்றே! மறுநாள் காலையில் கணினியைத் தொடங்கினால் பர்ம்வேர் இல்லை, கடவுச்சொல் இல்லை, முதல் நாள் உழைப்பின் சுவடே இல்லை. கைப்பேசியோ மஞ்சவாடியைத் தாண்டிப் போயிருக்கும். நல்லவேளையாக, பேராசிரியர் சொல்லியிருந்தபடி இரவே அந்தப் பொதியை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தோம். அதிலிருந்து பதிய இணையம் வேண்டியதில்லை. கயிறு இப்போது கிணற்று மேட்டில்.

அதன்பின் சில வாரங்கள், நாள்தோறும் அதே சடங்கு: தகடு, பென் டிரைவ், கட்டளை மூன்று, கடவுச்சொல் ஒன்று. முதல் வாரம் நான் செய்தேன், அக்கா பார்த்தாள். இரண்டாம் வாரம் அக்கா செய்தாள், நான் பார்த்தேன். மூன்றாம் வாரம் நான் கல்லூரியிலிருந்து திரும்பும்போது கணினி ஓடிக்கொண்டிருந்தது. கோலப்பொடி வாங்கிய கணக்கு எழுதும் ஒரு பழைய நோட்டில், ஒன்பது படிகளாகத் தமிழில் எல்லாவற்றையும் அவளே எழுதி வைத்திருந்தாள். ஒன்பதாம் படி: ‘அணைக்கும் முன் எழுதியதைப் பென் டிரைவில் போடு.’

அந்த ஒன்பதாம் படிக்கு ஒரு விலை கொடுத்தோம். கணினியின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. முதற் பயிற்சிக் கட்டுரையில் மூன்று பக்கம் தட்டச்சு செய்திருந்த ஒரு பிற்பகலில் மின்சாரம் நின்றது. மூன்று பக்கமும் காற்றோடு போயின. மின்சாரம் வந்ததும் அக்கா எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். “மனசுல இருக்குது, மறுபடி அடிச்சா ஆச்சு” என்றாள். இரண்டாம் முறை எழுதியது முதல் முறையைவிட நன்றாக இருந்தது என்று அவளே பிறகு சொன்னாள். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே கட்டுரை போய்ச் சேர்ந்தது.

அவள் ஓராண்டு பேசாதிருந்த காலத்தை எண்ணிப் பார்க்கிறேன். ஒவ்வொரு காலையும் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலை அவளுக்குப் புதிதன்று. இயந்திரம் மறந்தது, அதனாலேயே அவள் கை கற்றது. எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ளும் கணினி வாய்த்திருந்தால், பர்ம்வேர் என்ற சொல் கூட எங்கள் வீட்டிற்குள் நுழைந்திராது. மனப்பாடத்துக்கும் பயிற்சிக்கும் உள்ள வேற்றுமை என்று நம் ஆசிரியர்கள் சொல்வதை நான் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

பின்னர் அந்தச் சடங்கும் குறைந்தது. பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டி, செய்யும் மாற்றங்களை அதன் ஒரு பகுதியில் சேமித்து வைக்கும் முறை இருக்கிறது. அதைச் செய்தபின் பர்ம்வேரும் கடவுச்சொல்லும் நிலையாகத் தங்கின. அடுத்த தை பிறந்தது, கிழங்கு விலையும் ஓரளவு ஏறியது, வட்டும் வாங்கினோம். அதில் லினக்ஸையே பதியச் சொன்னவள் அக்கா. “இத எப்படி சரி பண்றதுன்னு எனக்குத் தெரியுமே” என்பது அவள் சொன்ன காரணம்.

நண்பர்களுக்கு ஒரு சொல்

எங்கள் தெருவில் மட்டும் பீரோவிலும் பரணிலும் உறங்கிய நான்கு மடிக்கணினிகளை அந்த ஒன்பது படிகள் எழுப்பியிருக்கின்றன. ஒன்றில் வட்டு போயிருந்தது, இரண்டில் நச்சுநிரல், ஒன்று கடவுச்சொல் மறந்து கிடந்தது. நான்கில் மூன்றுக்கு அக்கா தனியாகவே சென்று வந்தாள். வாணியாற்றுப் பக்கத்துப் பெண்கள் இருவர் தங்கள் பிள்ளைகளின் கணினியோடு அவளைத் தேடி வீட்டிற்கே வந்தனர். அவளுடைய பட்டப்படிப்பு ஒருபுறம் நடக்க, மறுபுறம் அவளுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டாயிற்று. இரக்கத்தோடு அழைக்கப்பட்டவள், தேவையோடு அழைக்கப்படுகிறாள். இரண்டுக்கும் உள்ள தூரத்தை அவள் முகத்தில் பார்க்கிறவர்கள் அறிவார்கள்.

நம் கல்லூரியில் படிப்பவர்களில் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். நம் வீடுகளில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்த மடிக்கணினி ஒன்று எங்கேனும் துணி சுற்றிக் கிடக்கலாம். பழைய இரும்புக்காரரின் தராசில் ஏற்றுவதற்கு முன் அதை ஒருமுறை எழுப்பிப் பாருங்கள். இப்போது வரும் புதிய தகடுகள் பலவற்றில் கயிற்றையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். வைக்காத இடத்தில், வீட்டிலுள்ள கைப்பேசியை ஓர் இரவு இரவல் கேளுங்கள். வந்த கோப்பை முதலில் பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

செய்தபின் இன்னொன்றும் செய்யுங்கள். எப்படிச் செய்தீர்கள் என்பதைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதி, அடுத்த வீட்டாரிடம் கொடுங்கள். பின்லாந்து மாணவர் ஒருவர் தான் எழுதியதைப் பூட்டி வைத்திருந்தால், ஜெர்மனிக்காரரின் தகடு இல்லை. அத்தகடு காட்டிய வழி இல்லையென்றால் பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு பெண்ணின் படிப்புக்கு அந்த மார்கழியில் வழி இருந்திராது. பெற்றதைக் கை மாற்றிவிடுவதே இந்தக் கல்விக்கு நாம் செலுத்தும் கட்டணம்.